இருவராக உலகம் சுற்ற எந்த வழி?

பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்ததும் பல வீடுகளில் எழும் பேச்சு, "ஒரு தடவை வெளிநாடு போய்வந்துவிடலாமா?" என்பது. அடுத்த நிமிடமே அது எந்த நாடு என்பதில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். கணவருக்கு சுவிட்சர்லாந்து, அம்மாவுக்கு பாலி. நாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எப்படிப் போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டூர் கம்பெனியின் குழுவோடு போகலாம். நாமே டிக்கெட் போட்டு, ஒரே ஊரில் வீடெடுத்துத் தங்கலாம். கப்பலில் போகலாம். பிள்ளைகள் இருக்கும் நாட்டுக்குப் போய் அங்கிருந்து சுற்றலாம். இருவரில் மெதுவாக நடப்பவரின் முழங்காலையும், சீக்கிரம் பசி எடுப்பவரின் வயிற்றையும் வைத்துத்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கணக்கு சரியாக இருந்தால், வழியில் நேரும் கோளாறுகள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதைகளாகிவிடும்.

குழுவோடு போவது

கொச்சியில் டீக்கடை நடத்திய கே.ஆர். விஜயன், மோகனா தம்பதியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1963-ல் விஜயன் தொடங்கிய கடை. வருமானத்தில் தினம் 300 ரூபாய் எடுத்துவைப்பார்கள். பற்றாததற்குக் கடன் வாங்குவார்கள். போய்வந்து கடனை அடைத்துவிட்டு அடுத்த பயணத்துக்குச் சேர்க்கத் தொடங்குவார்கள். இப்படியே மொத்தம் 26 நாடுகள். 2019-ல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா உதவ, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் போனார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா. அடுத்த மாதமே விஜயன் காலமானார். கடையிலிருந்து ஓய்வே பெறாத அந்தத் தம்பதியிடம், ஓய்வு பெற்ற நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. எல்லாம் கூடிவரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அவர்களைப்போலக் கடை, வீடு என்று ஓடுகிறவர்களுக்கும், கணினியில் படிவம் நிரப்பிப் பழக்கமில்லாதவர்களுக்கும் குழுதான் சரி. ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் ஐரோப்பாவில் 29 நாடுகளுக்குப் போகலாம். ஆனால் அதற்கு வங்கிக் கணக்கு விவரம் வேண்டும், தங்குமிட முன்பதிவு வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. விசா மறுத்தாலும் அது திரும்பி வராது. இந்தக் காகித வேலையை அடுக்கிக்கொடுக்கக் கம்பெனியில் ஆள் இருப்பார். சில குழுக்களில் நம்மூர்ச் சமையல்காரரும் கூடவே வருவார். சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரிக்கரையில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிடுவதை யார் வேண்டுமானாலும் கேலி செய்யட்டும். பத்து நாள் வெறும் ரொட்டியோடு அல்லாடிய வயிற்றுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

குழுவின் தொல்லை அதன் வேகம். டூர் மேனேஜர்கள் சொல்லும் 'ஆறு-ஏழு-எட்டு' என்ற கணக்கு புகழ்பெற்றது: ஆறு மணிக்கு எழுப்புவார்கள், ஏழுக்குச் சிற்றுண்டி, எட்டுக்கு பஸ் கிளம்பிவிடும். காலைக்கடனுக்கே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கைப் பணம் கட்டும் முன்பே யோசிக்க வேண்டும். பஸ்ஸில் ஒரு நிம்மதி உண்டு. ஐரோப்பியச் சட்டப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை விட்டே ஆகவேண்டும். ஆனால் அங்கே கழிப்பறைக்குக் காசு. ஜெர்மனியின் நெடுஞ்சாலை நிறுத்தங்களில் பெரும்பாலும் ஒரு யூரோ. "ஒரு தடவை போக நூறு ரூபாயா?" என்று வாசலிலேயே நின்று கணக்குப் போட்டு, அடுத்த நிறுத்தம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்த ஓய்வு பெற்ற வங்கி மேலாளரை எனக்குத் தெரியும். அவர் மனைவி சில்லறையைத் தனிப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்வந்தார். அதே தம்பதிதான் லூசெர்னில் பிரிந்துபோனார்கள். வரிசையாக நிற்கும் சுற்றுலா பஸ்கள் எல்லாம் ஒரே மாதிரி; உள்ளே இருப்பதும் நம் முகங்கள். அவர் ஒரு குஜராத்திக் குழுவின் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நீட்டிய டோக்ளாவையும் வாங்கித் தின்றுகொண்டிருந்தார். பக்கத்து பஸ்ஸில் அந்த அம்மா முப்பது பேரோடு அவரைத் தேடிக்கொண்டிருந்தார். குழுவில் போகிறவர்கள் பஸ்ஸின் பதிவு எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கம்பெனிகளை ஒப்பிடும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். பயணத்திட்டத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். 'காண்பது' என்றிருந்தால் பஸ்ஸை நிறுத்திப் படம் எடுக்க விடுவார்கள், அவ்வளவுதான். உள்ளே போக நுழைவுச்சீட்டு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே ஊரில் எத்தனை இரவு என்று எண்ணுங்கள். தினம் ஒரு ஹோட்டல் என்றால் தினமும் பெட்டி கட்ட வேண்டும். அது யார் தலையில் விழும் என்று உங்களுக்கே தெரியும். டிட்லிஸ் மலை ஏறக்குறைய எல்லா சுவிஸ் திட்டத்திலும் இருக்கும். சுழலும் கேபிள் காரில் 3,020 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோவார்கள். மேலே ஷாருக் கான், கஜோல் உருவங்கள் வெட்டிவைத்த பலகை ஒன்று நிற்கிறது. நாற்பது வருடமாகக் கை கோத்து நடக்காத தம்பதிகளும் அதன் பக்கத்தில் கை கோத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்துக்காகவே போகலாம் என்பேன். இதய நோயோ மூச்சிரைப்போ இருந்தால் மட்டும் இந்த உயரத்துக்கு மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒரே ஊரில் வீடெடுத்துத் தங்குவது

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மைக்கேல், டெபி கேம்பெல் தம்பதி 2013-ல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஊர் ஊராக, அந்தந்த ஊர்க்காரர்களின் வீட்டை ஏர்பிஎன்பி இணையதளம் மூலம் எடுத்துத் தங்கியே வருடக்கணக்கில் சுற்றினார்கள். சுமையைக் குறைக்க எவ்வளவோ பாடுபட்டவர்கள், தத்தம் தலையணையை மட்டும் விடாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அறுபதுக்கு மேல் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தவர்கள்!

எனக்கு இந்த வழிதான் மிகவும் பிடிக்கும். மார்க்கெட்டுக்குப் போகலாம், காலையில் நம் காபியை நாமே போடலாம், மழை பெய்தால் வெளியே போகாமல் இருக்கலாம். இரண்டே வாரத்தில் முக்குக்கடைக்காரர் நம்மைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கிவிடுவார். இங்கே நடக்கும் கூத்துகளும் வேறு விதம். தாளிப்பதற்கு எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, மிளகாய் வற்றல் கருகும் நேரம் பார்த்துக் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். அவர் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறுவார், அம்மா ஜன்னல்களைத் திறப்பார், மாடிவீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். தட்டியவருக்கு ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்து நட்பானவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் தாளிக்கும் முன் ஜன்னலைத் திறப்பதும், மிளகாயைக் கடைசியில் போடுவதும் நல்லது. இங்கிருந்து அலுமினியக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்புதான். சாதாரண அலுமினியம் அதில் சூடாகாது.

வழி தேடுவது இன்னொரு திருவிழா. அவர் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரைபடத்தின் நீலப்புள்ளியை நம்பி நடப்பார். அம்மா பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பாட்டியிடம், பாஷை தெரியாமலே, கையால் கேட்டுவிடுவார். பெரும்பாலும் பாட்டி சொன்ன வழியே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் பாட்டி கூடவே நடந்துவந்து வீட்டு வாசலில் விட்டதும் உண்டு.

வீடு தேர்ந்தெடுக்கும்போது படத்தில் இருக்கும் பால்கனியைப் பார்த்து மயங்காமல், லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். ஐரோப்பாவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் நாலாவது மாடிவரை சுற்றுப் படிக்கட்டுதான் இருக்கும். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி ஏறி இறங்க வேண்டும். சக்கரப் பெட்டி அங்கே உதவாது. ஷெங்கன் பகுதிக்குள் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. சுற்றுலா விசாவில் அதைவிடக் குறைவாகவும் தருவார்கள். முதல்முறை முயல்கிறவர்களுக்கு மலேசியாவின் பினாங்கைச் சொல்வேன். ஜார்ஜ் டவுனில் தமிழ் பேசிக் காரியம் நடத்தலாம், இட்லி கிடைக்கும், மலைக்கு ரயிலில் ஏறலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள்வரை தங்க மலேசியா அனுமதிக்கிறது. இது அவ்வப்போது நீட்டிக்கப்படும் சலுகை என்பதால், டிக்கெட் போடும் முன் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும்.

கப்பலும் பிள்ளைகள் வீடும்

கலிஃபோர்னியாவில் வீட்டை விற்றுவிட்டு உலகமே வீடென்று கிளம்பிய லின், டிம் மார்ட்டின் தம்பதி, 2014-ல் வெளிவந்த தங்கள் புத்தகத்தால் புகழ்பெற்றவர்கள். அட்லாண்டிக்கைக் கடக்க அவர்கள் இடம் மாறும் கப்பல்களைத் தேடிப் பிடிப்பார்கள். கரீபியக் கடலில் ஓடும் சொகுசுக் கப்பல்கள் வசந்த காலத்தில் மத்தியதரைக் கடலுக்கும், குளிர் தொடங்கும் முன் திரும்பவும் போகும். காலியாகப் போவதைவிடக் குறைந்த கட்டணத்துக்கு ஆள் ஏற்றிக்கொள்வது கப்பல் கம்பெனிகளுக்கு லாபம். நேரம் நிறைய இருப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

முழங்கால் வலிக்காரர்களுக்குக் கப்பலைப்போல வசதி வேறில்லை. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். ஊர்கள்தான் நம்மைத் தேடி வரும். ஆனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் சில மணி நேரம்தான். கிரேக்கத்தின் சான்டோரினி போன்ற தீவுகளில் பெரிய கப்பல் கரையோடு வந்து நிற்காது. சிறு படகில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஊருக்கு ஏற கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் 588 படிகள். சொன்ன நேரம் தாண்டினால் கப்பல் காத்திருக்காது. ஃப்ரிட்ஜில் ஒட்டும் பொம்மைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகியபடி கரையில் ஓடிவரும் அம்மாவையும், பின்னால் பைகளோடு மூச்சிரைக்க வரும் அவரையும் மேல்தளத்தில் நிற்கும் கூட்டம் கைதட்டி வரவேற்கும். இரவு உணவு மேசையில் அந்தத் தம்பதிதான் நாயகர்கள். செலவைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பல கப்பல்களில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று ஊழியர் அன்பளிப்பை டாலரில் தானாகவே சேர்த்துவிடுவார்கள்.

பிள்ளைகள் வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தங்கும் செலவு இல்லை, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் ஆறு மாதம் தங்கிவிட்டு, பார்த்தது சமையலறையும் சூப்பர் மார்க்கெட்டும்தான் என்று திரும்பும் பெற்றோர் ஏராளம். போவதற்கு முன்பே, இன்ன வாரம் நாங்கள் இருவர் மட்டும் வெளியூர் போகிறோம் என்று பிள்ளையிடம் சொல்லித் தேதி குறித்துவிடுங்கள். நயாகராவில் படகு ஏறினால் அமெரிக்கப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே நீல மழையங்கி. அத்தனை நீலத்துக்குள் சொந்தக் கணவரைக் கண்டுபிடிப்பதே ஒரு சாகசம்.

எந்த வழியில் போனாலும்

விமான நிலையத்தில் சக்கர நாற்காலியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். டிக்கெட் போடும்போதே, குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகப் பதிவு செய்யுங்கள். வேண்டியிருந்தால் இருவருக்குமே கேளுங்கள். அம்மா நாற்காலியில் ஜம்மென்று போக, தள்ளும் இளைஞனின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் கைப்பையோடு பின்னால் ஓடும் கணவர்களைப் பெரிய விமான நிலையங்களில் தினமும் பார்க்கலாம்.

பொடி வகைகளில் கவனம் தேவை. சிங்கப்பூருக்கும் அமீரகத்துக்கும் கசகசா கொண்டுபோகவே கூடாது. அங்கே அது தடை செய்யப்பட்ட போதைப்பொருள் வகையில் சேரும். குருமாப் பொடியில் அரைத்துக் கலந்திருந்தாலும் வேண்டாம். நியூசிலாந்தில் உணவுப்பொருளைப் படிவத்தில் எழுதாமல் கொண்டுபோனால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ஊறுகாயோ பருப்புப்பொடியோ, எழுதிக் காட்டிவிட்டால் அவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கு அமீரகத்தில் முன்அனுமதி வேண்டும். மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள்.

இருவருக்கும் நடை நன்றாக இருந்து, பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும் என்றால் குழு. ஒருவருக்கு நடை சிரமம், மற்றவருக்கு நிறைய ஊர் பார்க்க ஆசை என்றால் கப்பல்: ஒருவர் மேல்தளத்தில் இருக்க, மற்றவர் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம். இருவருக்கும் அவசரமே இல்லை என்றால் வீடு. முதல் பயணம் எட்டுப் பத்து நாளுக்கு மேல் வேண்டாம். கிளம்புவதற்கு முன் பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பணம், கார்டு, காப்பீட்டு எண், ஹோட்டல் முகவரி எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பையில் வையுங்கள். கார்டின் ரகசிய எண்ணை இவ்வளவு நாள் ஒருவர் மட்டும் வைத்திருந்தால், அதை இப்போது மற்றவருக்கும் சொல்லிக்கொடுத்து, தெருமுனை ஏடிஎம்மில் ஒருமுறை தனியாகப் பணம் எடுக்கச் சொல்லிப் பழக்குங்கள்.