அந்தப் புள்ளி ஏன் ஒளிர்கிறது?

அணு மருத்துவத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் இளம் மருத்துவருக்கு,

முதல் ஆண்டில் கைக்கு வரும் பெட் ஸ்கேன்களில் பெரும்பாலானவை எஃப்டிஜி படங்களாகத்தான் இருக்கும். குளுக்கோஸின் சாயல் கொண்ட அந்த மருந்து, நுரையீரல் புற்றையும் நிணநீர்க் கணுக்களில் பரவியதையும் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். மூளையில்தான் தடுமாறும். சாம்பல் நிறப் பகுதி இயல்பாகவே சர்க்கரையை வாரிக்கொள்வதால், அங்கே கட்டியைத் தேடுவது பட்டப்பகலில் மின்மினியைத் தேடுகிற கதை.

அமினோ அமிலங்கள் அங்கேதான் கைகொடுக்கின்றன. இயல்பான மூளைத் திசு அவற்றைக் கொஞ்சமாகவே எடுக்கும். க்ளையோமா செல்களிலோ, அவற்றை உள்ளே ஏற்றிச்செல்லும் லாட்-1 என்ற புரதம் மிகுந்திருக்கும். மூளை ரத்த நாளங்களிலும் அந்தப் புரதம் உண்டு. ஆகவே ரத்த-மூளைத் தடுப்பு சிதையாத இடத்துக்குள்ளும் மருந்து போகும். எம்ஆர்ஐயில் கான்ட்ராஸ்ட் ஏறாத கட்டியும் இதில் தெரிவது அதனால்தான்.

1980களிலேயே ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் கார்பன்-11 ஏற்றிய மெத்தியோனினைக் கையாண்டார்கள். அரை ஆயுள் 20 நிமிடம்தான்; சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இல்லாவிட்டால் பயனில்லை. 1999இல் ம்யூனிக்கில் ஹான்ஸ்-யூர்கன் வெஸ்டர் குழு ஃப்ளோரின்-18 ஏற்றிய டைரோசின் வகை ஒன்றை அறிவித்தது. எஃப்இடி என்று பெயர். அரை ஆயுள் சுமார் 110 நிமிடம் என்பதால், ஓரிடத்தில் தயாரித்து அடுத்த ஊர் மருத்துவமனைக்கும் அனுப்ப முடிந்தது.

ரிப்போர்ட் எழுதும்போது ஒரு வேறுபாடு நினைவில் இருக்கட்டும். மெத்தியோனின் செல்லுக்குள் போய்ப் புரதத்திலும் சேரும், எஃப்இடி சேராது. எஃப்இடி படம் காட்டுவது மருந்து எவ்வளவு உள்ளே ஏற்றப்பட்டது என்பதை. கட்டி எவ்வளவு புரதம் கட்டுகிறது என்பதை அல்ல.

எஃப்இடியின் வலிமைக்குச் சான்று 2005இல் வந்த ஜெர்மானிய ஆய்வு ஒன்று. சந்தேகத்துக்குரிய இடங்களில் பயாப்சி எடுத்து ஒப்பிட்டபோது, எம்ஆர்ஐ மட்டும் பார்த்தால் கட்டித் திசு இல்லாத இடத்தை இல்லை என்று சரியாகச் சொன்னது 53 சதவீதம். எஃப்இடியையும் சேர்த்துப் பார்த்தபோது அது 94 ஆனது. கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பின் மீண்டும் முளைத்திருப்பது கட்டியா, வெந்து இறந்த திசுவா என்ற குழப்பத்திலும் இப்படம் பெரிதும் உதவும்.

ஆனால் ஒளிர்வதெல்லாம் கட்டி அல்ல. சீழ்க்கட்டியைச் சுற்றியும் வளையமாக ஏறும். வலிப்பு வந்து சில நாள் ஆன மூளைப் புறணியிலும் ஏறும். கடைசியாக வலிப்பு எப்போது வந்தது என்று நோயாளியின் வீட்டாரிடம் கேட்காமல் படத்தைத் திறப்பது வீண் துணிச்சல். ஒளிராததெல்லாம் நலமும் அல்ல. வீரியம் குறைந்த க்ளையோமாக்களில் கணிசமானவை எஃப்இடியில் தெரியவே தெரியாது. நேரத்தோடு ஏற்றம் மாறும் போக்கையும் பாருங்கள்: சட்டென உச்சம் தொட்டு இறங்கும் வளைகோடு பெரும்பாலும் வீரியமான கட்டியைச் சுட்டும், மெல்ல ஏறிக்கொண்டே போவது பெரும்பாலும் வீரியம் குறைந்ததை. இன்னொரு அமினோ அமில மருந்தான ஃப்ளூரோடோபாவில் சிக்கல் வேறு. ஸ்ட்ரையேட்டம் இயல்பாகவே ஒளிர்வதால், அதை ஒட்டிய கட்டியின் எல்லை குழம்பிவிடும்.

ஸ்கேனுக்கு முன் நான்கு மணி நேரப் பட்டினியையும் சடங்காக நினைக்க வேண்டாம். சாப்பாட்டின் அமினோ அமிலங்களும் அதே லாட்-1 புரதத்துக்குத்தான் போட்டியிடும்.

ஃப்ளூசிக்ளோவினின் கதை சுவையானது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்க் குட்மன் குழு மூளைக் கட்டிகளை மனத்தில் வைத்து உருவாக்கிய அமினோ அமிலம் அது. சிறுநீரில் மெதுவாகவே வெளியேறுகிறது என்று தெரிந்ததும் பார்வை புராஸ்டேட் பக்கம் திரும்பியது. மருந்து தேங்கிய சிறுநீர்ப்பை பக்கத்துக் கட்டியை மறைக்காது அல்லவா? சிகிச்சைக்குப் பின் பிஎஸ்ஏ உயரும் நோயாளிகளுக்காக 2016இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதைப் பயன்படுத்தும் நாளில் ஊசி போட்ட 3 முதல் 5 நிமிடத்துக்குள் ஸ்கேன் தொடங்க வேண்டும், அதுவும் தொடையிலிருந்து மேல்நோக்கி. தாமதித்தால் மருந்தின் ஏற்றம் கட்டியில் குறைந்து, தசையில் கூடிவிடும். எனவே நோயாளியை மேசையில் படுக்கவைத்த பிறகே ஊசியை எடுங்கள்.