கரிசல் காட்டில் ஒரு புஜ்ஜி: சினிமாவுக்குக் கவச வண்டி கட்டும் வழி

2022 மார்ச்சில் தெலுங்கு இயக்குநர் நாக் அஷ்வின், தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவிடம் ட்விட்டரில் வெளிப்படையாகவே உதவி கேட்டார். எதிர்காலத்தில் நடக்கும் கதை, அதற்கு இதுவரை யாரும் பார்க்காத வண்டிகள், கட்டுவதற்குப் பொறியாளர்கள் வேண்டும் என்பது கோரிக்கை. மறுக்காமல் கை கொடுத்தார் மஹிந்திரா. 2024 மே 22 அன்று ஹைதராபாத்தில் ரசிகர்கள் முன் உருண்டு வந்த ‘புஜ்ஜி’ உருவானது தமிழ்நாட்டில்தான். செங்கல்பட்டு அருகே இருக்கும் மஹிந்திரா ரிசர்ச் வேலியும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து அதைக் கட்டின. ‘கல்கி 2898 ஏடி’ படத்தில் பிரபாஸ் ஓட்டுவதும் கீர்த்தி சுரேஷ் குரலில் பேசுவதும் அந்த வண்டிதான்.

எடை சுமார் 6 டன். முன்னால் நடுக்குடம் இல்லாத இரண்டு ராட்சதச் சக்கரங்கள், பின்னால் உருண்டையாக ஒன்று. டயர்கள் சியட் நிறுவனத்தின் தனித் தயாரிப்பு. 47 கிலோவாட் அவர் பேட்டரி, 94 கிலோவாட் திறன். இந்தக் கடைசி எண் கவனிக்க வேண்டியது. 94 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 126 குதிரைத்திறன். சாதாரணக் குடும்பக் கார்களிலேயே இந்த அளவு கிடைக்கிறது. 6 டன்னை இழுக்கும் 126 குதிரைகள் பாய்ந்து ஓடாது. திரையில் தெரியும் வேகத்தில் பெரும்பகுதி கேமராவின் வேலை. பணம் இல்லாத குறும்படக் குழுவுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை.

கோவில்பட்டிக்கு மேற்கே, இளையரசனேந்தல் பக்கம் ஒரு குழு இப்படி ஒரு வண்டியைக் கட்டிப் படமெடுக்க நினைத்தால் எங்கே தொடங்குவது? வெல்டிங் பட்டறையில் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில்.

கதையில் அந்த வண்டி செய்ய வேண்டிய காரியங்களை ஷாட் வாரியாக எழுதுவதுதான் முதல் வேலை. தூரத்தில் வருகிறது, திரும்பி நிற்கிறது, கதவு திறக்கிறது, ஓடையைத் தாண்டுகிறது, உள்ளே நாயகன் பேசுகிறான். எழுதி முடித்ததும் ஓர் உண்மை பிடிபடும்: இத்தனையையும் ஒரே வண்டி செய்யத் தேவையில்லை. ‘பேட்மேன் பிகின்ஸ்’ (2005) படத்தில் பேட்மேன் ஓட்டும் ‘டம்ப்ளர்’ வண்டிக்கும் இதுதான் நடந்தது. ஓடுகிற வண்டிகள் தனி. மடல்கள் அசைவதை அருகில் காட்ட ஒன்று. பின்னால் தீ கக்குவதற்கு ஒன்று. பறக்கும் காட்சிக்கு ஆறில் ஒரு பங்கு அளவில் மின்மோட்டார் வைத்த பொம்மை. உட்புறமோ நகரவே நகராத தனி செட். கேமரா நுழைய வேண்டும் என்பதற்காக நிஜ அளவைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். எந்த ஷாட்டுக்கு எது என்று பிரித்துவிட்டால் செலவு குறையும்.

அடுத்தது சின்ன மாதிரி. டம்ப்ளரை வடிவமைத்த நேதன் க்ரௌலி கணினியில் தொடங்கவில்லை. கடையில் விற்கும் விமான, கார் பொம்மைகளை உடைத்து, துண்டுகளை ஒட்டி ஒட்டிப் பார்த்தார். பிறகு பெரிய ஸ்டைரோஃபோம் கட்டியை முழு அளவுக்குச் செதுக்கினார்கள். இங்கே அட்டைப்பெட்டியும் தெர்மகோலும் போதும். முழு அளவு மாதிரியை வெட்டவெளியில் வைத்து, செல்போனை முழங்கால் உயரத்தில் பிடித்துச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். காகிதத்தில் கம்பீரமாக இருந்தது களத்தில் மாட்டுத்தொட்டி போலத் தெரிந்தால், இரும்பு வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பிறகுதான் அடிவண்டி. 1966 ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடரின் பேட்மொபைலை ஜார்ஜ் பாரிஸ் புதிதாகச் செய்யவில்லை; 1955இல் வந்த லிங்கன் ஃப்யூச்சரா என்ற காட்சிக் காரை மாற்றியமைத்தார். 1989 ‘பேட்மேன்’ படத்து வண்டிக்கு அடியில் இருந்தது ஷெவர்லே இம்பாலாவின் சேஸிஸ். நம்மூரில் பழைய ஜீப்போ பொலேரோ பிக்கப்போ நல்ல தேர்வு. இவற்றில் சேஸிஸ் தனி, பாடி தனி. மேலே உள்ளதைக் கழற்றினாலும் வண்டி நிற்கும். மாருதி 800 மலிவாகக் கிடைக்கும் என்று ஆசைப்படக் கூடாது. அதில் பாடிதான் பலம். அறுத்தால் நடுவில் தொய்யும். டிராக்டரின் பெரிய பின்சக்கரங்கள் கண்ணைப் பறிக்கும், ஊரில் எளிதாகவும் கிடைக்கும். ஆனால் அது சரிவில் கவிழக்கூடியது. சமதளத்தில் மெதுவாக ஓட்டும் ஷாட்டுக்கு மட்டும் சரி.

கவசம் என்றதும் பட்டறைக்காரர் இரும்புத் தகடு எடுப்பார். தடுக்க வேண்டும். 3 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 23 கிலோவைத் தாண்டும். 20 சதுர மீட்டர் போர்த்தினால் அரை டன்னுக்கு அருகில் வந்துவிடும். கடைகளின் முகப்பில் ஒட்டும் ஏசிபி ஷீட் 4 மி.மீ. கனத்தில் ஐந்தரை கிலோ அளவுதான். சதுரக் குழாயில் கூடு வெல்டிங் செய்து, ஏசிபியும் ஃபைபரும் போர்த்தி, போல்ட் தலைகளை மட்டும் நிஜ இரும்பில் வைத்தால் கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது. டம்ப்ளரின் மேல்தோலும் கார்பன் ஃபைபர் பலகைகள்தான்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. பேட்மேன் வண்டி கறுப்பு. இரவு நகரத்தின் விளக்குகள் அதன் விளிம்புகளில் ஓடும். கரிசல் மண்ணில் உச்சி வெயிலில் கறுப்பு வண்டியை நிறுத்தினால் கறுப்பின் மேல் கறுப்பாக, உருவமே இல்லாத திட்டாகத் தெரியும். மங்கிய சாம்பலும் துருவின் செம்மையும் இங்கே பொருந்தும். விளிம்புகளில் அலுமினியப் பெயின்ட்டை உலர்ந்த பிரஷ்ஷால் தொட்டுவிட்டால் பல சண்டைகளைக் கண்ட வண்டி தயார்.

பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. டம்ப்ளருக்குள்ளிருந்து வெளியே சரியாகத் தெரியாததால் கேமராக்களும் மானிட்டர்களும் வைத்தார்கள். ஓட்டுநர்கள் ஆறு மாதம் பழகிய பிறகே சிகாகோ வீதிகளில் இறங்கினார்கள். சிறு குழு செய்யக்கூடியது: கண்ணுக்கு நேரே திறந்த இடைவெளி, பின்னால் பார்க்க ரிவர்ஸ் கேமரா, வண்டியைத் தொட ஒரே ஓட்டுநர். வெளியேற இரண்டு வழிகள் வேண்டும். சைலன்சர் குழாயைக் கூட்டுக்கு வெளியே நீட்டாவிட்டால் புகை உள்ளே தேங்கும்; மூடிய கூட்டில் அது உயிரை வாங்கும். பக்கத்தில் தீயணைப்பான் கட்டாயம். சிவகாசி அருகில் இருக்கிறது என்பதற்காக டீசல் டாங்கின் பக்கத்தில் புஸ்வாணம் கொளுத்தும் யோசனையை யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. தாவும் ஷாட்டும் வேண்டாம். டம்ப்ளரே முதல் தாவலில் முன்பக்கம் நொறுங்கி, திரும்பக் கட்டப்பட்டது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றோடு பொருந்தாதபடி வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. ஆகவே வண்டியை லாரியில் ஏற்றி இடத்துக்குக் கொண்டுபோய், நிலத்துக்காரர் ஒப்புதலோடு பட்டா நிலத்திலேயே எடுப்பது உத்தமம். ஊர்ச் சாலையில் ஒரு ஷாட் தேவைப்பட்டாலும் முன்அனுமதி வேண்டும். வருவாய்த் துறைக்கு ஓர் ஊர், ஊராட்சி ஒன்றியத்துக்கு வேறு ஊர் என்று நெடுங்காலம் அல்லாடிய பிர்கா இளையரசனேந்தல். மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று முதலிலேயே விசாரித்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

எப்போது எடுப்பது என்பதை மண்தான் முடிவு செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த கரிசல் சக்கரத்தை விடாது. வண்டி புதைந்தால் அன்றைய படப்பிடிப்பு முடிந்தது. அறுவடை முடிந்து காடு வெறிச்சோடும் மாசிக்குப் பிறகு தரை கெட்டிப்படும், புழுதி எழும்பும். வெடிப்புகளை மட்டும் முந்தின நாளே நடந்து பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் சாய்வெயிலில் அந்தப் புழுதி பொன்னாகத் தெரியும்.

வேகம் காட்ட, கேமராவைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், அகன்ற லென்ஸில், வேலிக்கருவைக்குப் பின்னால் வைத்து, வண்டியோடு சேர்த்துத் திருப்பலாம். முன்னால் செடிகள் விர்ரென்று கடக்கும்போது 30 கிலோமீட்டர் வேகம் 80 போலத் தோன்றும். நொடிக்கு 20 ஃப்ரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் இன்னும் கூடும். கனம் காட்டுவது வேறு வித்தை: வண்டி நின்ற பிறகும் பாடி ஒருமுறை முன்னால் சாய்ந்து அமர வேண்டும், அப்புறம்தான் புழுதி அதை எட்ட வேண்டும்.

ஓடையைத் தாண்டும் ஷாட்டுக்குப் பொம்மை. அங்கே ஒரு கணக்கு உண்டு: அளவு எத்தனை மடங்கு சிறிதோ, அதன் வர்க்கமூலத்தால் ஃப்ரேம் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். ஆறில் ஒரு பங்குப் பொம்மைக்கு 24 ஐ 2.45ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 59. செல்போனில் இருக்கும் 60 ஃப்ரேம் வசதி இதற்கென்றே செய்தது போல அமையும். மண்ணைச் சலித்துப் போட வேண்டும். நிஜக் கட்டி ஒன்று கிடந்தாலும் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நாயகன் பேசும் காட்சிக்கு ஒரு கொட்டகை, பழைய கார் சீட், மரச்சட்டம் போதும். இரண்டு பேர் கம்பு கொடுத்து மெல்ல ஆட்ட, ஒருவர் டார்ச்சை முகத்தின் குறுக்கே வீச, வண்டி ஓடும்.

மிச்சம் இருப்பது சத்தம். அடிவண்டியின் சொந்த இன்ஜின் ஓசை படத்தில் இருந்தால் ஜீப் என்று ஊரே கண்டுபிடித்துவிடும். போர்வெல் லாரியின் கம்ப்ரசர், மாவு மில், சோளம் அடிக்கும் இயந்திரம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து, சுருதியைக் கீழிறக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். காற்று இரையாமல் இருக்க, மைக்கைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளலாம்.