தீம் பார்க் ரிசார்ட்ல ரெண்டு ராத்திரி: ரூம் ரேட் ஒண்ணு, பில்லு வேற

தீம் பார்க் ரிசார்ட் பத்தி போட்ட வீடியோவில் நேரம் பத்தாமல் விட்டுப்போன கணக்கை இங்கே முழுசா எழுதறேன்.

இது ஆரம்பிச்சது ஒரு கிளையண்ட் கேட்ட கேள்வியில. காரைக்கால்ல ஜவுளிக்கடை வச்சிருக்கார். மார்ச் கடைசி வாரம், ஆபீஸ்ல ஃபைலுக்கு நடுவுல ஆளைத் தேடணும்ங்கிற நிலைமை. வந்து உட்கார்ந்து மெதுவா கேட்டார்: "ஆடிட்டர் சார், பசங்களைக் கூட்டிட்டு பெங்களூர் பக்கம் ஒரு பார்க் ரிசார்ட்ல ரெண்டு ராத்திரி தங்கலாம்னு இருக்கேன். கடை ஓடி அக்கவுண்ட்ல இருந்து எடுத்துக்கறேன். பில்லைக் கடைப் பேர்லயே போட்டா ஜிஎஸ்டி திரும்பக் கிடைச்சிடும்ல?"

கிடைக்காது. ஏன்னு பிறகு சொல்றேன். முதல்ல அந்த ரூம் ஏன் அந்த விலைன்னு பார்ப்போம். இது நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசா சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை.

திருநள்ளாறை எடுத்துக்கோங்க. சாதாரண செவ்வாய்க்கிழமை லாட்ஜ்ல போய் நின்னா ரூமும் கிடைக்கும், கொஞ்சம் பேரமும் பேசலாம். சனிக்கிழமை பேச முடியாது. 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி மாதிரி ஒரு நாள்ல ரூம் கிடைச்சாலே புண்ணியம். வேளாங்கண்ணியில ஆகஸ்ட் 29-லிருந்து செப்டம்பர் 8 வரைக்கும் இதே கதைதான். அந்த நேரத்துல நாம லாட்ஜ்காரரைத் திட்டுவோம். ஆனா அவரோட பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கிற ஆளா சொல்றேன், அவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கு.

உதாரணத்துக்கு 40 ரூம் இருக்கிற ஹோட்டல். பேங்க் வட்டி, சம்பளம், கரண்ட், பராமரிப்புன்னு ரூம் நிறைஞ்சாலும் காலியா இருந்தாலும் வருஷத்துக்கு 1.2 கோடி செலவு வருதுன்னு வைங்க. வருஷத்துக்கு 14,600 ரூம்-ராத்திரி. எல்லாமே நிறைஞ்சா ஒரு ராத்திரிக்கு 822 ரூபாய் எடுத்தா போதும், செலவு தேறிடும். பாதிதான் நிறைஞ்சா அதே செலவுக்கு 1,644 எடுக்கணும். நேத்து காலியா கிடந்த ரூமை இன்னிக்கு விக்க முடியாது. ஜவுளிக்கடையில விக்காத புடவை ஆடித் தள்ளுபடியிலாவது போகும். ஹோட்டல் ரூமுக்கு அந்த வசதி கிடையாது.

தீம் பார்க்குல இது இன்னும் மோசம். கூட்டம் வர்றது ஏப்ரல், மே லீவு, தீபாவளி, அரையாண்டு லீவுலேர்ந்து பொங்கல் வரைக்கும், அப்புறம் சனி, ஞாயிறு. மீதி நாள்ல ராட்டினம் காலியா சுத்தும். கூட்டம் வர்ற நாள்லதான் வருஷத்துச் செலவை எடுத்தாகணும். ரூமும் கொஞ்சம்தான் இருக்கும். இந்த பிசினஸ்ல நமக்குத் தெரிஞ்ச பெரிய பேர் வொண்டர்லா. கொச்சியில 2000-ல ஆரம்பிச்சது, பெங்களூர்ல 2005-ல பார்க் வந்தது. பெங்களூர் பார்க்கை ஒட்டி 2012-ல ரிசார்ட் திறந்தப்ப 84 ரூம்தான். லீவு நாள்ல பார்க்குக்கு வர்ற கூட்டத்தோட ஒப்பிட்டா 84 எந்த மூலைக்கு?

இந்த வித்தையை உலகத்துக்கே கத்துக்கொடுத்தது டிஸ்னி. 1955-ல கலிபோர்னியாவுல டிஸ்னிலேண்ட் திறந்தப்போ ஹோட்டல் கட்ட அவங்ககிட்ட பணம் இல்லை. பக்கத்துல ஹோட்டலை வேற ஒருத்தர் கட்டினார், சுத்தி வரிசையா மோட்டல் முளைச்சுது. கூட்டத்தைக் கூட்டினது டிஸ்னி, ராத்திரி வாடகை போனது அடுத்தவங்களுக்கு. அதனால ஃப்ளோரிடாவுல 1960-கள்ல வேற வேற கம்பெனி பேர்ல 27,000 ஏக்கருக்கு மேல வாங்கிப்போட்டாங்க. 1971-ல அங்கே பார்க் திறந்தப்பவே சொந்த ஹோட்டலோடதான் திறந்தாங்க. கலிபோர்னியா ஹோட்டலை 1988-ல விலைக்கு வாங்கினாங்க. டிக்கெட்ல வர்ற காசு ஒரு நாளோட முடிஞ்சிடும். ரூம்ல தங்கிறவன் ராத்திரி சாப்பாடு, காலை டிபன், பொம்மைக்கடைன்னு அவங்க காம்பவுண்டுக்குள்ளேயே செலவு பண்ணுவான்.

சரி, நம்ம பில்லுக்கு வருவோம். இங்கேதான் பலபேர் கோட்டை விடறாங்க.

2025 செப்டம்பர் 22-லிருந்து ஹோட்டல் ரூம் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினா 18%. தாண்டின தொகைக்கு மட்டும் இல்லை, முழுத் தொகைக்கும். 7,500 ரூபாய் ரூமுக்கு நீங்க கட்டுறது 7,875. ரேட் 7,501 ஆனா கட்டுறது 8,851. ஒரு ரூபாய்க்கு 976 ரூபாய் வித்தியாசம்! வருமான வரி ஸ்லாப் மாதிரின்னு நினைச்சுக்காதீங்க. காலை உணவையும் சேர்த்து ஒரே ரூம் ரேட்டா போட்டிருந்தா, அந்த மொத்த ரேட்டுதான் இந்தக் கோட்டுக்குக் கணக்கு.

ரிசார்ட் ரேட் நாளுக்கு நாள் மாறும். அதே ரூம் செவ்வாய்க்கிழமை 6,900, சனிக்கிழமை 8,200ன்னு வைங்க. (எந்த ரிசார்ட்டோட ரேட் கார்டும் இல்லை, கணக்குக்காக நான் போட்ட எண்.) பார்க்க 1,300 தான் வித்தியாசம். வரியோட செவ்வாய் பில் 7,245, சனிக்கிழமை பில் 9,676. அதாவது 2,431 அதிகம்.

அடுத்தது சாப்பாடு. வெளியில ஹோட்டல்ல சாப்பிட்டா 5% ஜிஎஸ்டி. ஆனா தங்கும் ஹோட்டல்ல முந்தின நிதியாண்டுல ஏதாவது ஒரு ரூம் நாளுக்கு 7,500-க்கு மேல போயிருந்தா, அந்த வளாகத்துக்குள்ள இருக்கிற ரெஸ்டாரண்டுக்கும் 18%. 2025 ஏப்ரல் 1-லிருந்து இதான் விதி. நீங்க 4,000 ரூபாய் ரூம்லதான் தங்கியிருக்கீங்க, ஆனா போன வருஷம் புத்தாண்டு ராத்திரி யாரோ 8,000 கொடுத்துத் தங்கினார்னா, இன்னிக்கு உங்க இட்லிக்கு 18%. நான் இதைச் சொன்னதும் கிளையண்ட் சிரிச்சே விட்டார். பார்க் டிக்கெட்டுக்கும் 18% தான். அது 2017-ல 28%-ஆ இருந்து 2018 ஜனவரியில குறைஞ்சது.

இப்ப நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு ராத்திரி கணக்கு. ரிசார்ட்டுல சனிக்கிழமை ரூம் 9,676, காலை டிபன் அதுலயே அடக்கம். ராத்திரி சாப்பாடு 2,400 ப்ளஸ் 18%, ஆக 2,832. மொத்தம் 12,508. வெளியில பத்து கிலோமீட்டர் தள்ளி 2,800 ரூபாய் ரூம், வரியோட 2,940. ராத்திரி சாப்பாடு 1,260, டிபன் 420, போக வர வண்டி 1,000. மொத்தம் 5,620. வித்தியாசம் 6,888. ரெண்டு ராத்திரிக்கு 13,776. பார்க் டிக்கெட் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு எடுத்துக்கிட்டேன். ரிசார்ட்ல தங்கினா டிக்கெட்ல தள்ளுபடி உண்டுன்னா அதை மட்டும் கழிச்சுக்கோங்க.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்குது? மதியம் 2 மணிக்கு செக்-இன், மறுநாள் காலை 11 மணிக்கு செக்-அவுட்ன்னா 21 மணி நேரம். சாயங்காலம் வரைக்கும் பார்க்குல இருப்பீங்க. ராத்திரி பசங்க படுத்ததும் தூங்கிடும். ரூம்ல கண் முழிச்சு இருக்கிறது நாலு மணி நேரம் தேறினா அதிகம். ரெண்டு வயசுக் குழந்தையோ, முட்டி வலிக்காரப் பாட்டியோ கூட வந்தா நானே ரிசார்ட் எடுங்கன்னு சொல்வேன். மதியம் ரூமுக்கு வந்து படுக்கிற வசதிக்கு அந்த விலை தகும். அவர் வீட்ல பசங்களுக்கு வயசு பத்தும் எட்டும். ராட்டினத்தை விட்டு இறங்கவே மாட்டாங்க.

இப்ப அந்த ஜிஎஸ்டி கேள்வி. குடும்பச் சுற்றுலா சொந்தச் செலவு, அதுக்கு உள்ளீட்டு வரி எடுக்கவே முடியாது. சரி, நிஜமாவே வியாபாரத்துக்குத்தான் போறீங்கன்னு வைங்க. அப்பவும் காரைக்கால்காரங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. ஹோட்டல் ரூமுக்கு வரி, கட்டடம் எந்த மாநிலத்துல இருக்கோ அந்த மாநிலத்தோடது. நம்ம ரிஜிஸ்ட்ரேஷன் புதுச்சேரி. பெங்களூர் ஹோட்டல் மத்திய வரியும் கர்நாடக வரியும் போடும், அது நமக்கு வராது. பெங்களூரை விடுங்க, நாகப்பட்டினத்துல தங்கினாலும் தமிழ்நாட்டு வரி, அதுவும் வராது. சூரத்துல இருந்து துணி வாங்கினா ஐஜிஎஸ்டி வந்து சேருதேன்னு கேட்டார். சரக்குக்கு அப்படி, ரூமுக்கு இப்படி.

ஓடி அக்கவுண்ட்ல கை வைக்கறதுக்கு மட்டும் நான் கொஞ்சம் கடுமையாவே வேண்டாம்னேன். சொந்தச் செலவுக்கு எடுத்த பணத்தோட வட்டியைக் கடைச் செலவா காட்ட முடியாது. அதோட ஜூன்ல ரெண்டு பசங்களுக்கும் ஸ்கூல் ஃபீஸ். அதையும் போன வருஷம் இதே அக்கவுண்ட்ல இருந்துதான் கட்டினார், முழுசா அடைக்க தீபாவளி ஆயிடுச்சு. நோ-காஸ்ட் இஎம்ஐ எடுக்கட்டுமான்னார். அதுலயும் பேங்க் போடற வட்டிக்கு 18% ஜிஎஸ்டி நம்ம தலையிலதான் விழும், பிராசஸிங் ஃபீஸ் தனி.

அப்புறம் அரை மணி நேரம் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்தோம். மார்ச் கடைசியில அந்த அரை மணி நேரத்துக்கு என் ஆபீஸ் பசங்க என்னை முறைச்சாங்க, அது வேற. 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல வொண்டர்லா சென்னை பார்க் திறந்தாச்சு, பெங்களூருக்கே போகணும்னு அவசியம் இல்லை. கொச்சின்னா காரைக்கால்லேர்ந்தே எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் இருக்கு. ராத்திரி ரயில்லயே கழிஞ்சா ஒரு ரூம் வாடகை மிச்சம். அவர் வீட்டம்மா சென்னையே போதும்னுட்டாங்க, மாமல்லபுரத்துல கடலும் பார்த்துக்கலாம்னு.

இசிஆர் வழியா பஸ், மாமல்லபுரத்துல ரெண்டு ராத்திரி, புதன்கிழமை பார்க். ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி ரேட்டை எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பினார்: 3,200 ப்ளஸ் 5%. கடைப் பேர்ல பில் கேட்கலை.