முதுகிலா, தொடையிடுக்கிலா?

வயதானவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்றால் ‘ஸ்பைனல் போட்டுடலாம்’ என்பதுதான் தியேட்டரில் முதலில் கேட்கும் குரல். முழு மயக்கத்தைவிட அது எப்போதும் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை. மயக்க மருத்துவராக எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 2018இல் வெளியான சர்வதேச ஹெர்னியா வழிகாட்டுதலும், திறந்த முறை ஆபரேஷனில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்பைனலைவிட லோக்கலோ முழு மயக்கமோ மேல் என்றே சொல்கிறது. லோக்கலுக்குக் கை பழகிய சர்ஜன் வேண்டும், அவ்வளவுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பாதி முந்தின நாள் வார்டிலேயே முடிவாகிவிடும். “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க ஐயா?” என்றால் “பிரஷருக்கு மட்டும்தான் டாக்டர்” என்பார். மாத்திரைப் பையை வாங்கிக் கட்டிலில் கொட்டுங்கள், குளோபிடோக்ரல் விழும். ஆஸ்பிரின் மட்டுமென்றால் ஸ்பைனலுக்குத் தடையில்லை. குளோபிடோக்ரல் என்றால் 5 முதல் 7 நாள் நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு இதய மருத்துவரைக் கேட்காமல் அதில் கை வைக்கவே கூடாது. அடுத்து, ராத்திரி எத்தனை தடவை ஒன்றுக்கு எழுந்திருக்கிறார் என்று கேளுங்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு ஸ்பைனலுக்குப் பின் சிறுநீர் கட்டிக்கொள்ளும்; சாயங்காலமே வீட்டுக்குப் போகவேண்டியவர் டியூபோடு படுத்திருப்பார். நெஞ்சில் முணுமுணுப்பு கேட்டால் எக்கோ எடுக்காமல் முதுகைத் தொடாதீர்கள். வால்வு சுருங்கிய இதயம் திடீரென்று பிரஷர் இறங்கினால் தாங்காது.

நான் அதிகம் நம்புவது தொடையிடுக்கு நரம்பு பிளாக்கையும் சர்ஜன் போடும் லோக்கலையும் சேர்த்துத்தான். இடுப்பெலும்பு முனைக்குப் பக்கத்தில் ஸ்கேன் வைத்தால் உள்தசை இரண்டுக்கும் நடுவில் நரம்புகள் தெரியும். மருந்து இறங்க இறங்க அந்த இடைவெளி கறுப்புப் பட்டையாக விரியும். அதற்கடியில் குடல் என்பதால் ஊசி முனை திரையில் தெரியாமல் நகர்த்தக் கூடாது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஹெர்னியா பையின் கழுத்து இந்த பிளாக்கில் மரக்காது. சர்ஜன் அதை இழுத்ததும் பெரியவர் முகம் சுளிப்பார், குமட்டும், நாடி குறையும். அங்கே சில மில்லி லோக்கல் போடும்படி முன்னதாகவே சொல்லிவைப்பேன். இரண்டு பேர் சிரிஞ்சையும் ஒரே கணக்கில் கூட்டவேண்டும்: 50 கிலோ பெரியவருக்கு, கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம், 0.25 சதவீத பூபிவக்கெய்ன் மொத்தமே 40 மில்லிதான்.

மிடாசோலம் கொடுத்தால் வயதானவர்கள் குழம்பிப்போய்க் கையை உதறுவார்கள். அதற்குப் பதில் காது மெஷினைக் கழற்றாமல் விட்டு, பேரன் பேத்தியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

விதைப்பை வரை இறங்கிய பெரிய ஹெர்னியாவுக்கு லோக்கல் போதாது. அப்போது ஸ்பைனல்தான் என்றால், ஆபரேஷன் செய்யும் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து 7.5 மில்லிகிராம் ஹெவி பூபிவக்கெய்னோடு நிறுத்திக்கொள்வேன். சலைனையும் அளவாகவே ஓடவிடுவேன்.