கடலைக்கு முன்னே தேங்காய்ப்பால்

சாவகத்தில் தோன்றி மலாய்த் தீபகற்பத்தின் வழியே தாய்லாந்தை அடைந்த சாத்தே, அதாவது மஞ்சளும் மசாலாவும் ஊறிய இறைச்சியை மூங்கில் குச்சியில் கோத்துத் தணலில் சுடும் உணவு, அந்நாட்டில் பெரும்பாலும் பன்றியிறைச்சியால் செய்யப்படுகிறது. அதனுடன் தொட்டுக்கொள்ளத் தரப்படுவதே நிலக்கடலைக் குழம்பு. புட்டியில் அடைத்த கடலை வெண்ணெயை வெந்நீரில் கரைத்துச் சர்க்கரை சேர்த்தால் அது கிடைத்துவிடும் என்று எண்ணுவது வீட்டுச் சமையலில் பரவலாகக் காணப்படும் பிழை. அடிப்படையில் இது தேங்காய்ப்பாலில் வெந்த கறிக்குழம்பு. கடலை அதற்குத் தடிப்பும் மணமும் தருவதற்காகப் பின்னால் வந்து சேர்வது.

தாய் மொழியில் முதற்பாலுக்கு ‘ஹுவா கத்தி’, அதாவது தலைப்பால் என்றும், நீர் விட்டு மறுபடி பிழிவதற்கு ‘ஹாங் கத்தி’, அதாவது வால்பால் என்றும் பெயர். முதற்பாலை மட்டும் மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருந்தால், நீர் வற்றிக் கொழுப்பு பிரிந்து ஓரங்களில் எண்ணெய் மினுங்கத் தொடங்கும். பால் திரிந்துவிட்டதோ என்று அஞ்சி அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுவோர் உண்டு. உண்மையில் குழம்பின் உயிரே அந்தப் பிரிவில்தான் இருக்கிறது, ஏனெனில் மிளகாயின் நிறமும் வாசனைப் பொருள்களின் மணமும் நீரைவிடக் கொழுப்பிலேயே நன்கு கரைகின்றன. பிரியாமலிருக்க நிலைப்படுத்திகள் கலந்த டின் பால் எவ்வளவு கொதித்தாலும் எண்ணெய் விடாது என்பதால், அதற்காகக் காத்திருந்து அடிபிடிக்க விடுவதைவிட ஒரு தேக்கரண்டி எண்ணெயைச் சேர்த்துத் தொடர்வதே நல்லது.

மொத்தம் 400 மி.லி. பாலுக்கு 2 மேசைக்கரண்டி சிவப்புக் கறி விழுது போதும். காய்ந்த மிளகாய், எலுமிச்சைப்புல், பேரரத்தை, பூண்டு, சிறிய வெங்காயம், இறால் விழுது முதலியவற்றை இடித்துச் செய்யும் இவ்விழுது, பிரிந்த எண்ணெயில் பச்சை வாசனை போக வதங்க வேண்டும். கடையில் வாங்கும் விழுதில் உப்பு ஏற்கெனவே இருப்பதால், தனி உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்தே சேர்க்க வேண்டும்.

கடலையில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. தோலுடன் கூடிய 120 கிராம் பச்சைக் கடலையைச் சிறு தீயில் உள்வரை சிவக்க வறுத்து, நன்றாக ஆறவிட்டுக் கசக்கிப் புடைத்தால், கசக்கும் தோல் நீங்கிவிடும். சூட்டோடு அரைத்தாலோ அது ரவையாக உடையாமல் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடும். சுருங்கியதும் பூஞ்சை பிடித்ததுமான பருப்புகளைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும், ஏனெனில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு வறுப்பதால் முழுமையாக அழிவதில்லை.

வதங்கிய விழுதில் இரண்டாம் பாலையும் பொடித்த கடலையையும் சேர்த்துக் கொதிக்கவிட்டுப் புளிக்கரைசலும் பனைவெல்லமும் இடுவர். தாய்லாந்தின் பெட்சபுரிப் பகுதி இவ்வெல்லத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே பதநீர் தருவது தமிழ்நாட்டில் வளரும் அதே பனைதான். எனினும் அந்த வெல்லம் வெளிர்நிறமும் மென்மணமும் உடையது. கருப்பட்டியை அதே அளவில் இட்டால் அதன் காரமான மணம் கடலையை மறைத்துவிடும் என்பதால், பாதி கருப்பட்டியும் பாதி இளநிற வெல்லமும் கலந்து, மொத்தம் 2 மேசைக்கரண்டியில் நிறுத்துவது பொருத்தமாக அமைகிறது.

புளியைக் குறைவாகவே வைக்க வேண்டும். வெள்ளரியும் வெங்காயமும் மிளகாயும் காடியில் ஊறிய ‘ஆச்சாட்’ சாத்தேயுடன் எப்போதும் வருவதால், புளிப்பின் பெரும்பங்கை அதுவே ஏற்கிறது. தமிழர் வழங்கும் அச்சாறு என்ற சொல்லுக்கு இப்பெயர் உறவு. ஆறும்போது கடலை நீரை உறிஞ்சிக் குழம்பை இறுக்கிவிடும் ஆகையால், கரண்டியின் பின்புறத்தில் மெல்லப் படியும் நிலையிலேயே இறக்கிவிட்டு, மறுநாள் சூடாக்கும்போது சிறிது வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.