சல்லூமும் அவன் குமாரத்திகளும்

இந்தப் பாடத்திற்கு நெகேமியா 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் அநேகர் வேகமாய்த் தாண்டிப்போகிற அதிகாரம் இது. முழுக்க முழுக்கப் பெயர்கள். அதுவும் வாயில் நுழையாத பெயர்கள். "இதுல என்ன இருக்கு பிரதர்? ஏதோ ரேஷன் கடை லிஸ்ட் மாதிரி இருக்கு" என்று ஒரு வாலிபத் தம்பி என்னிடம் கேட்டான். லிஸ்ட்தான். ஆனால் யார் யார் பெயர் அதில் இருக்கிறது என்று பாருங்கள்.

கி.மு. 445 வாக்கில் நடந்த காரியம். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது. கட்ட வந்தவர்கள் கொத்தனார்களா? இல்லை. ஆசாரியர்கள் கட்டினார்கள், தட்டார் கட்டினார்கள், தைலக்காரர் கட்டினார்கள், வியாபாரிகள் கட்டினார்கள். தராசு பிடித்த கையும் தைலம் கலக்கிய கையும் கல்லும் மண்ணும் சுமந்தன. இப்படிப்பட்ட ஆட்களைக் கொண்டு 52 நாளில் வேலை முடிந்தது என்று 6-ஆம் அதிகாரம் சொல்லுகிறது.

இப்பொழுது 3:12-ஐக் கவனியுங்கள். சல்லூம் என்று ஒரு மனுஷன். எருசலேமின் மறுபாதிக்கு அவன் பிரபு. இந்தக் காலத்துக் கணக்கில் ஒரு பெரிய அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரைக் கூலிக்கு வைத்துக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவனோ தன் குமாரத்திகளைக் கூட்டிக்கொண்டு வந்து அலங்கத்தைப் பழுதுபார்த்தான். எத்தனை குமாரத்திகள், என்ன வயசு, ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்பனும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து வேலை செய்தார்கள், அவ்வளவுதான். அதை ஆவியானவர் எழுதி வைக்கச் செய்தார்.

இன்னொன்றையும் அந்த அதிகாரத்தில் பார்க்கிறோம். அநேகர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பாகத்தைக் கட்டினார்கள். 23, 28 ஆகிய வசனங்களை வாசித்துப் பாருங்கள். ஊர் சுவரெல்லாம் அப்புறம், முதலில் உன் வீட்டு வாசலுக்கு எதிரே!

பிரியமானவர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளையோடு சேர்ந்து கடைசியாக எப்பொழுது ஒரு வேலை செய்தீர்கள்? பீஸ் கட்டினேன், டியூஷனில் கொண்டுபோய் விட்டேன், மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லாதிருங்கள். அதெல்லாம் பிள்ளைக்காகச் செய்தது. நான் கேட்பது பிள்ளையோடு செய்தது. இருவர் கையிலும் ஒரே அழுக்கு ஒட்டியிருக்க வேண்டும், அப்படிப்பட்ட வேலை.

2020-ஆம் வருஷம் மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கினபோது எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம். அப்பொழுது எத்தனை வீடுகளில் தகப்பன்மார், "பிள்ளைங்ககூட என்ன பேசுறதுன்னே தெரியலை" என்று சொன்னார்கள்! வருஷக்கணக்காய் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள்தான். ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள், ஒரே பாயில் ஜெபித்தவர்கள். ஆனாலும் பேச்சு வரவில்லை. ஊரடங்கு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பேச்சு வந்துவிட்டதா? இப்பொழுது ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது, அதனால் அந்தக் குறை வெளியே தெரிகிறதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். தகப்பன் காலையில் வேலைக்குப் போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வருவார். சனி ஞாயிறு முழுவதும் சபைக் காரியங்கள். நல்ல மனுஷன், ஊழியத்தில் வைராக்கியமுள்ளவர். மகளுக்குப் பதினான்கு வயசு. இரண்டு மாதமாய் அவள் சரியாய்ச் சாப்பிடுகிறதில்லை, எதற்கும் எரிந்து விழுகிறாள். தாய் கேட்டாள், "ஒண்ணுமில்லம்மா." தகப்பன் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துக் கேட்டார், "ஒண்ணுமில்லப்பா."

மே மாத விடுமுறையில் வீட்டுக்குப் பின்பக்கத்து மதில் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டியதாயிருந்தது. ஆள் கிடைக்கவில்லை. "நீயும் வாம்மா, ரெண்டு பேரும் அடிச்சிரலாம்" என்று தகப்பன் அவளைக் கூப்பிட்டார். முதல் நாள் முழுவதும் பேச்சே இல்லை. "அங்க விட்டுப்போச்சு", "வாளியைத் தள்ளு", இவ்வளவுதான். இரண்டாம் நாள் பத்து மணி இருக்கும். இருவரும் சுவரைப் பார்த்தபடி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் திரும்பாமலே சொன்னாள்: "அப்பா, ஜூன்ல ஸ்கூல் திறந்தா நான் அந்த பஸ்ல போகலப்பா."

அவர் மட்டையைக் கீழே போடவில்லை. சத்தம் போடவில்லை. அடித்துக்கொண்டே, "ஏம்மா?" என்று மாத்திரம் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாய் எல்லாம் வெளியே வந்தது. பஸ்ஸில் ஒருவன் தினமும் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று தொந்தரவு கொடுத்திருக்கிறான். சொன்னால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார் என்று பயந்து, இரண்டு மாதமாய் அந்தப் பாரத்தை ஒண்டியாய்ச் சுமந்திருக்கிறாள். "உன் படிப்பு நிக்காதும்மா" என்று முதலில் சொன்னார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசினார்கள். ஜூன் மாதம் தாயும் தகப்பனும் மாறி மாறி அவளோடு அந்த பஸ்ஸிலே போய் வந்தார்கள். (இப்படிப்பட்ட காரியங்களுக்கு 1098 என்ற எண் இருக்கிறது. பிள்ளைகளே கூப்பிடலாம், இரவும் பகலும் எடுப்பார்கள், காசு கிடையாது. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா?)

எதிரே உட்காரவைத்துக் கேட்டபோது வராத வார்த்தை, சுவரைப் பார்த்து நின்றபோது எப்படி வந்தது? முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் பிள்ளைக்கு அது போலீஸ் விசாரணை. நம்முடைய புருவம் நெரிவதை அது பார்க்கிறது, பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறது. பக்கத்தில் நின்று இருவரும் வேறொன்றைப் பார்க்கும்போது, வாய் தானாய்த் திறக்கிறது. கையில் வேலை இருப்பதால் மவுனமும் பாரமாயிருக்கிறதில்லை. உபாகமம் 6:7-ஐ வாசியுங்கள். பிள்ளைகளோடு பேசவேண்டிய நேரங்களை அங்கே வரிசையாய்ச் சொல்லியிருக்கிறது. உட்கார்ந்திருக்கையில், வழியில் நடக்கையில், படுக்கையில், எழுந்திருக்கையில் என்று அத்தனையும் வீட்டு நேரம், சாதாரண நேரம்.

ஆகையால் ஒன்றைக் கண்டிப்பாய்ச் சொல்லுகிறேன். இந்த நேரத்தைப் பிரசங்க நேரமாக்காதிருங்கள்! வெள்ளையடிக்கக் கூப்பிட்டுவிட்டு, "பக்கத்து வீட்டுப் பையன் என்ன மார்க் தெரியுமா?" என்று ஆரம்பித்தால், அடுத்த சனிக்கிழமை அவன் வரமாட்டான். குடும்ப ஜெபத்துக்கு அதன் நேரம் உண்டு, அதை விடவேண்டாம். இது வேறு.

ஊழியத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உபவாச ஜெபம், கைப்பிரதி ஊழியம், வீட்டுக் கூட்டம் என்று எல்லா மாலையும் போய்விட்டால், உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற அலங்கத்தை யார் கட்டுவது? இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமையைப் பிள்ளைகளுக்கென்று எடுத்து வையுங்கள்.

சரி, என்ன வேலை செய்யலாம்? காசு செலவழித்துப் பெரிதாய் ஒன்றும் வேண்டாம்.

வெள்ளையடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்பொழுது வீட்டுக்குள் எல்லாம் டப்பா பெயிண்ட் வந்துவிட்டது. மதில் சுவருக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் சுண்ணாம்பு இன்னும் போதும். சுண்ணாம்பை முந்தின நாளே நீற்றி வைக்க வேண்டும். அது கொதித்துப் பொங்கும், ஆகவே பிளாஸ்டிக் வாளி ஆகாது, இரும்பு டிரம்தான். அந்த வேளையில் பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது, கண்ணில் தெறித்தால் ஆபத்து. பெரியவர்கள் செய்துவிட்டு ஆறவிடுங்கள். மறுநாள் பழந்துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோற்றுக்கஞ்சி சேர்த்தால் சுவரில் நன்றாய்ப் பிடிக்கும். பளிச்சென்று இருக்கத் துளி நீலம். சுவரைச் சுரண்டி, தண்ணீர் தெளித்துவிட்டு அடிக்கவேண்டும். பிள்ளைகள், "அப்பா, வெள்ளையே ஆகலியே!" என்று சொல்லித் திரும்பத் திரும்பக் கனமாய்ப் பூசுவார்கள். ஈரத்தில் வெளுப்பு தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். கனமாய் அடித்தால் பொருக்குப் பொருக்காய் உதிரும். மெல்லிசாய் இரண்டு மூன்று முறை அடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கயிற்றுக் கட்டில் தொய்ந்து கிடக்கிறதா? அது இரண்டு பேர் வேலை. கால்மாட்டுக் கயிற்றை ஒருவர் சட்டத்தில் காலை ஊன்றி ஒவ்வொரு சுற்றாய் இழுக்க வேண்டும். இழுத்தது நழுவாமல் மற்றவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கவனம் தப்பினால் இருவரும் மல்லாக்க விழுவார்கள். வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கீரை நல்லது. ஓட்டை வாளியோ உடைந்த தொட்டியோ போதும். சிறுகீரை விதை கடுகிலும் சிறியது, அப்படியே தூவினால் ஒரே இடத்தில் விழும். மணலோடு கலந்து தூவி, மேலே லேசாய் மண் போட்டு, தண்ணீரைக் கையால் தெளிக்கவேண்டும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும். தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நொய்யைப் போட்டுவிட்டால் அது அந்தப் பக்கம் போய்விடும். சில நாளில் முளை தெரியும், 25, 30 நாளில் பறிக்கலாம். தினமும் காலையில் எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கிற பிள்ளைக்குப் பொறுமையைப் பற்றித் தனியாய்ப் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

வேலை கோணல்மாணலாய்த்தான் வரும். வரட்டும், விடுங்கள். அலங்கத்தைப் பார்த்து, ஒரு நரி ஏறினால் இடிந்துபோகும் என்று பரியாசம் பண்ணின தொபியா ஞாபகமிருக்கிறதா? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொபியா வருவான். பெரியப்பாவாயிருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராயிருக்கலாம். "இது யார் அடிச்ச சுவரு? மாடு நக்கின மாதிரி இருக்கு" என்பார். அப்பொழுது நீங்களும் சேர்ந்து சிரித்தீர்களானால் போச்சு. "நானும் என் மகளும் அடிச்சது அண்ணே" என்று சொல்லுங்கள். பிள்ளை தூங்கின பிறகு, அது அடித்த இடத்தை நீங்கள் திரும்ப அடித்துச் சரிபண்ணாதிருங்கள். காலையில் அது கண்டுபிடித்துவிடும்.

சில வீடுகளில் சுவர் வேலை ஆண்பிள்ளைக்கு, அடுப்படி பெண்பிள்ளைக்கு என்று பிரித்து வைத்திருக்கிறோம். நெகேமியா 3:12-ஐ வாசித்த பிறகும் அப்படிச் சொல்லலாமா? சல்லூமின் பெண்கள் கல் எடுத்தார்கள். உங்கள் மகன் ஒரு நாள் வத்தல் போட்டால் என்ன குறைந்துபோகும்? புருஷன் வெளிநாட்டில் இருக்கிற சகோதரிகளே, தனியாய்ப் பிள்ளைகளை வளர்க்கிற தாய்மாரே, இது உங்களுக்கும்தான். ஏற்கெனவே பாதி வேலை உங்கள் தலையில் இருக்கிறது. புதிதாய் ஒன்றைச் சேர்க்கவேண்டாம். செய்கிறதிலேயே ஒன்றைப் பிள்ளையோடு சேர்ந்து செய்யுங்கள்.

ஜவ்வரிசி வத்தல் எளிது. இரவே ஊறவைத்துவிடுங்கள். காலையில் ஒரு டம்ளர் ஜவ்வரிசிக்கு ஐந்தாறு டம்ளர் தண்ணீர் என்று வைத்து, அடிபிடிக்காமல் கிண்டி, மணிகள் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சவேண்டும். கிண்டுகிற வேலையைப் பெரியவனுக்குக் கொடுங்கள். பச்சைமிளகாய் அரைத்த விழுது, சீரகம், இறக்கினபின் எலுமிச்சம்பழச் சாறு. உப்பில் மாத்திரம் ஜாக்கிரதை. கூழில் சரியாயிருந்தால் காய்ந்த வத்தலில் கரிக்கும். நாக்குக்குக் கொஞ்சம் குறைவாய்ப் போடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னே மாடியில் பழைய வேட்டியை நனைத்து விரித்து, கரண்டியால் ஊற்றுங்கள். சின்னவள் ஊற்றுகிறது இலங்கை மேப் மாதிரி வரும், பொரித்தால் எல்லாம் ஒரே ருசிதான். சாயங்காலம் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் உரிந்துவரும். பிறகு தட்டில் போட்டு, ஒடித்தால் டக்கென்று ஒடிகிற வரைக்கும் இன்னும் இரண்டு நாள் காயட்டும்.

காக்காய் விரட்ட ஒரு குடையும் ஒரு குச்சியும் கொடுத்துப் பிள்ளைகளை மாடியில் உட்காரவையுங்கள். நீங்களும் போய் உட்காருங்கள், செல்போனைக் கீழே வைத்துவிட்டு. பாதி காய்ந்த வத்தலுக்கு ஒரு தனி ருசி உண்டு, சிறுவயதில் தின்றவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் டின்னில் போடும்போது எண்ணிப்பார்த்தால் பாதியைக் காணோம் என்றிருக்கும். காக்காய் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, நீங்கள் எத்தனை என்று விசாரிக்க வேண்டாம்.