ஒன்பதாம் தெய்வத்துக்கு விளக்கேற்றுவது யார்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதமும் நோட்டுப் புத்தகத்தின் நகலும் போன வாரம் கைக்கு வந்தன. நைட் ஷிப்ட் முடிந்து, எண்ணூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பஸ்ஸிலேயும், இல்லாவிட்டால் வீட்டு மாடிப்படியிலுமாக எழுதியது என்று சொல்லியிருந்தீர்கள். அதனாலேயே ஒரு பக்கம் விடாமல் இரண்டு முறை படித்தேன்.

ஒரு முழு உலகத்தைப் படைத்திருக்கிறீர்கள். ஏழு தீவுகள், ஒரு வரைபடம், ஒன்பது தெய்வங்கள். ஒவ்வொரு தெய்வத்துக்கும் நிறம், ஆயுதம், வாகனம், சக்தி என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். பூசாரிகள் கறுப்பு அங்கி போட்டு மலைமேல் இருக்கிறார்கள். கடைசியில் நீங்களே கேட்டுவிட்டீர்கள்: "சாமிங்க எல்லாம் பொம்மை மாதிரியே நிக்குது சார், என்ன குறை?" அதற்குக் கீழே இன்னொரு வரி: கண்டெய்னர் லாரியும் சாம்பலும் பார்த்து வளர்ந்த உங்களுக்குத் தெய்வலோகம் எங்கே தெரியப்போகிறது என்று.

இந்த இரண்டாவது வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வளர்ந்த கரையைப் போலத் தெய்வங்களும் பூசாரிகளும் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் இடம் குறைவு. உங்கள் கட்டங்களில் இல்லாத ஒன்று இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. இங்குள்ள தெய்வங்கள் கட்டுப்பட்டவை. ஒரு மரத்துக்கு, ஒரு வாக்குக்கு, ஒரு எண்ணெய்க்காரருக்கு, ஒரு பம்பைக்குக் கட்டுப்பட்டவை.

திருவொற்றியூர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலவர் புற்று வடிவம், மேலே கவசம். வருஷத்தில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் அந்தக் கவசம் திறக்கும். அப்போது புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். மற்ற நாளெல்லாம் நாம் கும்பிடுவது கவசத்தை. உங்கள் ஒன்பது பேரும் எப்போது பார்த்தாலும் முழு உருவத்தோடு மேகத்தில் நிற்கிறார்கள். ஒருவரையாவது மூடி வையுங்கள். மூன்று நாளுக்காக மீதி வருஷமெல்லாம் காத்திருக்கும் கிழவி ஒருத்தியை அந்த வாசலில் உட்கார வையுங்கள். அந்தச் சாமிக்குத் தனியாகச் சக்தி எதுவும் எழுத வேண்டியிருக்காது.

அதே கோயிலில் ஒரு மகிழ மரம். சேக்கிழார் சொன்ன கதை உங்களுக்கும் பாதி தெரிந்திருக்கும். ஞாயிறு என்ற ஊரிலிருந்து வந்து, கன்னிமாடத்தில் தங்கி, சாமிக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள் சங்கிலியார். சுந்தரர் அவளைக் கண்டு ஆசைப்பட்டார். திருவாரூரில் அவருக்கு ஏற்கெனவே பரவையார் என்ற மனைவி இருக்கிறாள். அதனால், உன்னைவிட்டுப் பிரிய மாட்டேன் என்று அவர் சங்கிலியாருக்குச் சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரர் சாமியிடமே போய், நான் சத்தியம் செய்யும்போது நீ சந்நிதியில் இருக்காதே, மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று கேட்டுக்கொண்டார். சாமியும் சரி என்றது. அன்று ராத்திரியே சங்கிலியார் கனவில் போய், மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிட்டது. மறுநாள் தோழிப் பெண்கள் மரத்தடி போதும் என்றார்கள். சுந்தரருக்கு வேறு வழியில்லை. பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவு வந்து, ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின.

இதில் எத்தனை விதிகள் இருக்கின்றன பாருங்கள். சாமி ஒரே நேரத்தில் எங்கும் இருப்பதாகச் சொன்னாலும், சத்தியத்துக்கு அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது கணக்கு. சாமி நண்பனுக்கும் வாக்குக் கொடுக்கும், பூத்தொடுக்கும் பெண்ணுக்கும் வாக்குக் கொடுக்கும், இரண்டையும் காப்பாற்றும். ஊர் எல்லைக்கு ஒரு விலை உண்டு. பிறகு, கண்ணில்லாமல் நடந்தவருக்கு ஊன்றுகோல் கிடைத்த திருவெண்பாக்கம் கோயிலும் ஒரு நாள் இடம் மாற வேண்டியிருந்தது. சென்னைக்குக் குடிதண்ணீர் வேண்டி 1940களில் பூண்டி ஏரி கட்டியபோது பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போனது. இப்போது அந்தச் சாமி ஏரிக்கரையில் இருக்கிறார். உங்கள் தீவுகளில் அணை கட்டுகிறார்களா? கட்டினால் எந்தத் தெய்வம் வீடு மாறும்?

பூசாரிகளுக்கு வருகிறேன். உங்கள் நோட்டில் எனக்கு மனம் ஒட்டாத பகுதி அதுதான். கறுப்பு அங்கி, ஒரே முகம், ஒரே குரல். அவர்கள் அந்த மலைக்கு எப்படி வந்தார்கள் என்று ஒரு இடத்திலும் இல்லை.

ஒற்றியூர் மடத்துக்குத் தலைவராக இருந்த ஒருவரைச் சொல்கிறேன். கல்வெட்டு அவரைச் சதுரானன பண்டிதர் என்கிறது. முன்பெயர் வல்லபர். கேரளத்திலிருந்து வந்தவர், சோழ இளவரசன் ராஜாதித்தனுக்கு நெருங்கியவர். 949இல் தக்கோலத்தில் போர் நடந்தது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதி, யானைமேல் இருந்தபடியே ராஜாதித்தன் செத்தான். அந்த நேரத்தில் வல்லபர் பக்கத்தில் இல்லை. தலைவனோடு சாகவில்லையே என்ற வேதனை தாங்காமல் உலகத்தைவிட்டு, ஒற்றியூருக்கு வந்து குருவிடம் சேர்ந்து துறவியானார். இன்னொன்றையும் கவனியுங்கள். இதையெல்லாம் சொல்லும் கல்வெட்டு ராஜாதித்தனைக் கொன்ற தரப்பின் மன்னன் கிருஷ்ணனின் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. தொண்டை மண்டலம் அப்போது அவன் கையில். நண்பனைக் கொன்றவனின் பெயரைத் தலைப்பில் எழுதித்தான் அந்தத் துறவியின் தானத்தையும் எழுத முடிந்தது.

இப்படி ஒரு பூசாரி உங்கள் மலையில் இருந்தால் போதும்.

அவர் பெயரும் அவரோடு முடியவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து முதலாம் ராஜேந்திரன் காலத்திலும் ஒரு சதுரானன பண்டிதர் அந்த மடத்தில் இருக்கிறார். அவர் சொல்லித்தான் ஒற்றியூர்ச் சாமி ஆதிபுரீசுவரருக்குக் கருங்கல்லில், தூங்கானை மாட வடிவத்தில் விமானம் எழும்பியது. கட்டிய தச்சன் ரவி, வீரசோழத் தச்சன் என்ற பட்டப்பெயரோடு கல்லில் இருக்கிறார். ஆள் மாறினாலும் பட்டம் மாறாமல் வருவது பூசாரி வர்க்கத்தின் இயல்பு. உங்கள் கதையில் இளைய பூசாரி ஒருவன், செத்துப்போன ஒருவரின் பெயரையும் அவருடைய குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்கலாம்.

மேலே இருப்பவர்களை மட்டும் பார்க்காதீர்கள். சம்புவராயர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 14ஆம் நூற்றாண்டு. அதே கோயிலில் படியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் என்று மூன்று வகைப் பெண்கள் ஊழியம் செய்தார்கள். யாருக்கு எந்த வேலை, யாருக்கு எந்த உரிமை என்பதில் அவர்களுக்குள் தகராறு முற்றி, அதிகாரிகள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. சாமிக்குமுன் எங்கே நிற்பது என்பதற்காகச் சண்டை போட்ட பெண்கள் அவர்கள். எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை. உங்கள் ஒன்பது கோயில்களில் ஒரு பெண்கூட வேலை செய்யவில்லை.

அவர்களுக்கும் முந்தியவர் கலிய நாயனார். சக்கரப்பாடித் தெருவில் செக்கார். கோயில் முழுக்க விளக்கேற்றினார். சொத்து கரைந்தது. கூலிக்கு எண்ணெய் விற்றார், கூலிக்குச் செக்கு ஓட்டினார், வீட்டை விற்றார், மனைவியையும் விற்கப் போனார், வாங்க ஆளில்லை. கடைசியில் அகலையும் திரியையும் வைத்துவிட்டுத் தன் கழுத்தை அறுத்து ஊற்ற அரிவாளை எடுத்தார். சாமி கையைப் பிடித்தது. மனைவியை விற்கப் போனதை என்னால் இன்றைக்கும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, ஏற்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் ஒரு விளக்கு எரிய எவ்வளவு செலவாகிறது, அந்தச் செலவு யார் வீட்டிலிருந்து போகிறது என்று அந்தக் கதை கணக்குக் காட்டுகிறது. உங்கள் ஒன்பதாம் தெய்வத்தின் கோயிலில் ஆயிரம் விளக்கு எரிகிறதாம். எண்ணெய் யாருடையது?

இனி கடற்கரைக்கு வாருங்கள். ராயபுரத்தில் புனித பேதுரு ஆலயம் இருக்கிறதே, அது படகுக்காரர்கள் தங்கள் சம்பாத்தியத்தில் கட்டியது. பேதுருவைப் பழைய தமிழில் ராயப்பர் என்பார்கள், ராயபுரம் என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அவரும் வலை வீசியவர்தானே. அலையில் மசூலாப் படகு ஓட்டிக் கப்பலுக்குச் சரக்கு ஏற்றியவர்களுக்கு, தங்கள் தொழில் தெரிந்த சாமி வேண்டியிருந்தது.

ஆடி மாசம் காசிமேட்டுப் பக்கம் ஒரு சந்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மீன் விற்கும் அம்மா ஒருத்தி. காலையில் ஏலத்தில் நின்றவள், கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் குளித்து மஞ்சள் புடவை கட்டி வந்து நின்றாள். பம்பைக்காரர்கள் இரண்டு பேர், ஒருவர் கையில் பம்பை, இன்னொருவர் கையில் சிலம்பு. வர்ணிப்பு ஆரம்பித்தது. அம்மனின் ஊர், அம்மன் நடந்து வந்த வழி, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்தார் மூத்தவர். முதலில் அவள் கால் கட்டைவிரல் தரையில் அழுந்தியது. பிறகு தோள். பம்பை வேகம் கூடியது. சாமி வந்துவிட்டது. உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றினார்கள், அவள் முகம் சுளிக்கவில்லை. பம்பைக்காரர் கேட்டார்: "யாரம்மா வந்திருக்கே? பேர் சொல்லும்மா." அவள் சொன்னாள். "புள்ளைங்க மேல என்ன குறை?" போன வருஷம் பாதியில் நிறுத்திய படையலைப் பற்றிச் சொன்னாள். ஊர்ப் பெரியவர்கள் கை கூப்பி, தப்புதாம்மா, இந்த வருஷம் கும்பம் போடுறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அன்று ராத்திரி சோற்றைக் குவித்து, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்துப் படைத்தார்கள். மறுநாள் விடிகாலையில் அந்த அம்மாவை மறுபடி ஏலத்தில் பார்த்தேன். வஞ்சிரம் விலை பேசிக்கொண்டிருந்தாள்.

அயர்லாந்துக்காரர் டன்சேனி 1905இல் "பெகானாவின் தெய்வங்கள்" என்று ஒரு சிறு நூல் எழுதினார். கற்பனைத் தெய்வங்களை முழுக்க முழுக்கத் தானே படைத்து எழுதியவர்களில் அவர் முன்னோடி. அதில் மூத்த தெய்வம் தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்கார்ல் என்பவன் பக்கத்தில் முரசு அடித்துக்கொண்டே இருப்பான். அவன் கை ஓய்ந்தால் தெய்வம் விழித்துவிடும், உலகமும் மற்றத் தெய்வங்களும் இல்லாமல் போகும். அங்கே சாமியைத் தூங்க வைக்க முரசு, காசிமேட்டில் சாமியை எழுப்பப் பம்பை. இரண்டு இடத்திலும் சாமியின் கதி மேளக்காரன் கையில். அவனுக்குக் கை வலிக்கும், அவனுக்கு வயசாகும், அடுத்து யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியில்தான் கதை இருக்கிறது. தமிழில் ஜெயமோகன் 1997இல் வெளியிட்ட "விஷ்ணுபுரம்" படித்தீர்களா? கற்பனைக் கோயில் நகரம் ஒன்று முழுசாக அதில் இருக்கிறது. இல்லாவிட்டால் படியுங்கள். நூலகத்தில் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, இது உங்களுக்கும் எனக்கும் சேர்த்து. 1876இல் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்ட ஆரம்பித்த பிறகு, தெற்கிலிருந்து வந்த மணல் தெற்கிலேயே தங்கி மெரினா அகலமானது. வடக்கே நம் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. எத்தனை குப்பங்களில் வீட்டோடு சேர்ந்து அம்மன் மேடையும் போயிற்று. சனங்கள் அம்மனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நகர்ந்து மறுபடி வைத்தார்கள். மாசி மகத்தன்று அதே அம்மனைத் தோளில் சுமந்து, தன் பழைய கோயிலைத் தின்ற அதே கடலுக்குத் தீர்த்தவாரிக்குக் கூட்டிப்போகிறார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்த மாசியிலும் போனார்கள். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து வலையெல்லாம் கறுத்த பிறகு வந்த மாசியிலும் போனார்கள். கடலம்மா என்று கூப்பிடுவதை அவர்கள் நிறுத்தவில்லை. கோபமும் இருக்கிறது, கும்பிடும் இருக்கிறது. உங்கள் தீவு மக்களுக்குத் தங்கள் தெய்வத்தின்மேல் ஒரு கோபமாவது கொடுங்கள்.

நோட்டைக் கிழித்துப் போட வேண்டாம். வரைபடம் அருமையாக வந்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும். சக்திக் கட்டத்தை மட்டும் அடித்துவிட்டு, ஒன்பது தெய்வங்களுக்கும் ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுங்கள். எங்கே இருக்கிறது, எப்போது மூடியிருக்கும், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது, விளக்குக்கு எண்ணெய் யார் வீட்டிலிருந்து வருகிறது, பூசாரிக்குப் பகலில் என்ன வேலை. எழுதி முடித்ததும் அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு ஒற்றியூருக்கு வாருங்கள். வரிசை சந்நிதித் தெருவைத் தாண்டிவிடும், காலையிலேயே வந்துவிடுவது நல்லது.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து உங்கள் நண்பன்